கெடு வைத்த உரிமைகள், கெடு வைக்காத கடமைகள்

மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017-ஐக் கடிகாரமும் காலண்டருமாக உட்கார்ந்து படித்தால் அதன் குணம் சீக்கிரம் பிடிபட்டுவிடும். அவசர சிகிச்சையா? பொதுவாக 72 மணி நேரம். தானாக வந்து சேர்ந்தவர் ‘வீட்டுக்குப் போறேன்’ என்றால், நிறுத்தி வைத்துப் பரிசோதிக்க 24 மணி நேரம், அதற்குமேல் முடியாது. தானே முடிவெடுக்க முடியாத நிலையில் இருப்பவரைச் சேர்த்தால் முதல் கட்டமாக அதிகபட்சம் 30 நாள். அந்தச் சேர்க்கையை மனநல மறுஆய்வு வாரியத்துக்குத் தெரிவிக்க 7 நாள். பெண் அல்லது சிறார் என்றால் 3 நாள். தெருவில் திரிபவரைப் போலீஸ் தன் பொறுப்பில் எடுத்தால் 24 மணி நேரத்துக்குள் அவர் அரசு மருத்துவமனையில் இருக்க வேண்டும். லாக்கப்பில் வைக்கக் கூடாது.

அதே சட்டத்தின் 29-ஆம் பிரிவைப் பாருங்கள். மனநலத்தை மேம்படுத்தவும் மனநோயைத் தடுக்கவும் திட்டங்கள் வகுத்து நடத்துவது அரசின் கடமை, குறிப்பாகத் தற்கொலைகளையும் தற்கொலை முயற்சிகளையும் குறைக்க வேண்டும் என்கிறது. எந்தத் துறை, எத்தனை நாளுக்குள், செய்யாவிட்டால் யாரிடம் முறையிடுவது? ஒன்றும் கிடையாது. மருத்துவமனை வாசலுக்கு உள்ளே நிமிடக் கணக்கில் பேசும் சட்டம், வாசலுக்கு வெளியே நல்லெண்ணத்தோடு நின்றுவிடுகிறது. 126 பிரிவுகள் கொண்ட ஒரு சட்டத்தில் தடுப்புக்குக் கிடைத்த இடம் அவ்வளவுதான்.

உள்ளே இருக்கும் கடிகாரத்தைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. 1912-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயரிலேயே ‘பைத்தியம்’ இருந்தது. அதற்குப் பின் வந்த 1987-ஆம் ஆண்டுச் சட்டம், காப்பகத்துக்கு யார் உரிமம் தருவது, எந்த மாஜிஸ்ட்ரேட் உத்தரவில் ஆளை உள்ளே அனுப்புவது என்பதில்தான் அதிகம் குறியாக இருந்தது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் குறித்த ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா 2007 அக்டோபரில் ஏற்றதும், பழைய சட்டத்தைத் தட்டிக்கொட்டிச் சரிசெய்ய முடியாது என்று ஆகிவிட்டது. புதிய சட்டம் 2018 மே 29-இல் நடைமுறைக்கு வந்தது. கேள்வியே மாறியது. ‘இவருக்கு மனநோய் இருக்கிறதா?’ என்பது போய், ‘இந்த ஒரு முடிவை, இந்த நேரத்தில், இவரால் எடுக்க முடியுமா?’ என்று கேட்கிறது 4-ஆம் பிரிவு.

சொன்னது புரிகிறதா, இப்படிச் செய்தால் என்ன ஆகும் என்று ஓரளவு எடைபோட முடிகிறதா, முடிவைப் பேசியோ சைகையிலோ வேறு வழியிலோ தெரிவிக்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும். காதில் குரல் கேட்கிறது என்று சொல்பவருக்கே, மாத்திரை வேண்டுமா மாதம் ஒருமுறை ஊசி வேண்டுமா என்பதில் தெளிவான கருத்து இருக்கலாம். அந்த விஷயத்தில் அவருக்குத் திறன் உண்டு. மற்றவர் கண்ணுக்குத் தப்பாகப் படும் முடிவை எடுத்தார் என்பதற்காக மட்டும் திறன் இல்லை என்று எழுதக் கூடாது என்றும் சட்டம் சொல்கிறது. வீட்டாருக்கு இதை ஒப்புக்கொள்வதுதான் பெரும்பாடு.

ஒரு சேர்க்கை எப்படி நடக்க வேண்டும் என்று பார்ப்போம். இரவு 11 மணிக்கு ஒருவரை அண்ணனும் மாமாவும் ஆட்டோவில் கூட்டி வருகிறார்கள். நாலு நாளாகத் தூக்கமில்லை, சாப்பாடு இல்லை, யாரோ துரத்துவதாகச் சொல்கிறார். ‘நீங்களாகவே சேர்ந்துக்கிறீங்களா?’ என்பதுதான் மருத்துவர் முதலில் கேட்க வேண்டியது. அவர் ஒப்புக்கொண்டு, அவருக்குத் திறனும் இருந்தால் விஷயம் முடிந்தது. அது சுயவிருப்பச் சேர்க்கை, 86-ஆம் பிரிவு. உண்மையில் இதுதான் இயல்பான வழியாக இருக்க வேண்டும் என்று சட்டம் எண்ணுகிறது. மறுக்கிறார், தானே முடிவெடுக்கும் திறனும் இல்லை என்றால் 89-ஆம் பிரிவு. அவர் சார்பில் செயல்படும் நியமனப் பிரதிநிதி எழுத்தில் விண்ணப்பிக்க வேண்டும். மனநல மருத்துவர் ஒருவரும், வேறொரு மனநல வல்லுநரோ மருத்துவரோ ஒருவரும், சேர்க்கும் நாளிலோ அதற்கு முந்தைய 7 நாட்களுக்குள்ளோ தனித்தனியாகப் பரிசோதித்திருக்க வேண்டும். சமீபத்தில் தன்னைத் துன்புறுத்திக்கொள்ள முயன்றிருக்கிறார், அல்லது மற்றவருக்கு ஆபத்தாக இருக்கிறார், அல்லது தன்னையே கவனித்துக்கொள்ள முடியாமல் ஆபத்தில் இருக்கிறார் என்று இருவரும் தனித்தனியே முடிவுக்கு வர வேண்டும். இதைவிடக் கட்டுப்பாடு குறைந்த வழி வேறில்லை என்பதும் உறுதியாக வேண்டும். சேர்த்த பிறகு 7 நாளுக்கு ஒருமுறை திறனை மறுபடி பார்க்க வேண்டும். திறன் திரும்பிவிட்டால் அவர் விருப்பம் இல்லாமல் அவரை வைத்திருக்கக் கூடாது. 30 நாளைத் தாண்ட வேண்டுமென்றால் 90-ஆம் பிரிவு. அதற்கு இரண்டு மனநல மருத்துவர்கள் தேவை. வாரியம் 21 நாளுக்குள் அனுமதிக்கவோ மறுக்கவோ வேண்டும். அனுமதி 90 நாள், பிறகு 120, பிறகு 180 என்று போகும்.

காகிதத்தில் இது பூட்டுப் போட்ட கதவு மாதிரி பாதுகாப்பானது. தவறு பெரும்பாலும் சின்னச் சின்ன இடங்களில் நுழைகிறது. இரண்டாவது ஆள் நோயாளியைப் பார்க்காமலே, முதல் ஆள் எழுதியதற்குக் கீழே கையெழுத்துப் போடுவது ஒன்று. அப்போது ‘தனித்தனியாக’ என்ற சொல்லே செத்துவிடுகிறது. வாரந்தோறும் எழுத வேண்டிய திறன் மதிப்பீட்டில் முதல் வார வாக்கியத்தை அப்படியே நகலெடுத்துக்கொண்டே போவது இன்னொன்று. எல்லாவற்றுக்கும் மேல், தகவல் போய்ச் சேர வேண்டிய வாரியம் இல்லாமல் இருப்பது. மாவட்ட நீதிபதி நிலையில் தலைவர், ஆட்சியரின் பிரதிநிதி, மனநல மருத்துவர் ஒருவர், இன்னொரு மருத்துவர், மனநோயோடு வாழ்பவர்கள் அல்லது பராமரிப்பவர்கள் அல்லது தொண்டு நிறுவனத்தார் இருவர் என ஆறு பேர் கொண்ட அமைப்பு அது. பல மாநிலங்கள் அதை அமைக்கவே ஆண்டுக் கணக்கில் எடுத்துக்கொண்டன. கேட்பதற்கு ஆள் இல்லாத இடத்துக்கு 7 நாளில் அனுப்பினால் என்ன, 70 நாளில் அனுப்பினால் என்ன?

மேலே சொன்ன ‘நியமனப் பிரதிநிதி’ இந்தச் சட்டத்தின் மிக நுட்பமான ஏற்பாடு. அவர் ரத்த உறவாக இருக்க வேண்டும் என்ற விதி இல்லை. வயது வந்த, ஒப்புக்கொள்ளும் எவரையும் வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்திட்டு நியமிக்கலாம். கணவனின் கொடுமையால் மனம் உடைந்த ஒரு பெண்ணை, அதே கணவன் ‘இவளுக்குப் புத்தி சரியில்லை’ என்று கொண்டுவந்து சேர்க்கும் வழக்கம் நம் ஊரில் புதிதல்ல. அவள் நன்றாக இருக்கும்போதே தோழியின் பெயரை எழுதி வைத்திருந்தால் கணவனின் கையெழுத்து செல்லாது. யாரையும் நியமிக்காவிட்டால்தான் உறவினர், பராமரிப்பவர், வாரியம் நியமிக்கும் ஆள், சமூக நலத்துறை இயக்குநர் என்று வரிசை இறங்குகிறது. கூடவே முன்விருப்ப ஆவணம் ஒன்றும் எழுதலாம். எனக்கு முடிவெடுக்க முடியாமல் போனால் எந்த சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று சொல்லும் ஆவணம் அது. இதுவரை மனநோயே வராதவர்களும் எழுதலாம். முடிவெடுக்க முடிகிற வரை அது தூங்கும். முடியாத நாளில் விழித்துக்கொள்ளும். அவசர சிகிச்சைக்கு அது பொருந்தாது. பொருத்தமில்லை என்று மருத்துவரோ உறவினரோ கருதினால், தாங்களாகவே ஒதுக்கித்தள்ளாமல் வாரியத்திடம்தான் போக வேண்டும். இது எழுதுபவரின் பாதுகாப்புக்கு மட்டுமல்ல, தடுப்பு மருந்துமாகும். போன முறை எந்த மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை, எந்தச் சொல் தன்னைக் கலவரப்படுத்தியது என்று எழுதி வைத்தவரின் அடுத்த நெருக்கடி சின்னதாகவே முடியும் வாய்ப்பு அதிகம்.

சட்டம் வெளிப்படையாகத் தடை செய்தவற்றையும் சொல்லிவிட வேண்டும். மயக்க மருந்தும் தசைத் தளர்வு மருந்தும் இல்லாமல் மின்அதிர்வு சிகிச்சை கூடாது (சினிமாவில் காட்டுகிற மாதிரி ‘ஷாக்’ கொடுப்பது இந்தச் சட்டத்தின் கீழ் குற்றம்). சிகிச்சை என்ற பேரில் கருத்தடை கூடாது. எந்த வடிவிலும் சங்கிலியால் கட்டக் கூடாது. கட்டாயமாக மொட்டையடிக்கக் கூடாது. தனிமைச் சிறை அறவே கூடாது.

சங்கிலி என்றதும் ஏர்வாடி நினைவுக்கு வராமல் போகாது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்றின் கீற்றுக் கொட்டகையில் தீப்பிடித்தது. கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது, காப்பகங்கள் மூடப்பட்டன, நூற்றுக்கணக்கானவர்கள் அங்கிருந்து மாற்றப்பட்டார்கள். எல்லாம் உள்ளே நடந்த கொடுமைக்கான பதில். ஆனால் அந்தக் குடும்பங்கள் ஏன் அங்கே வந்தன? அங்குள்ள தர்காவின் மீதிருந்த நம்பிக்கை ஒரு பாதி. அவரவர் ஊரில் மாத்திரை கொடுக்க ஆள் இல்லை என்பது மறுபாதி. பல மாவட்டத்துக்காரர்களுக்கு மனநல மருத்துவமனை என்றால் 1794-இல் தொடங்கிய கீழ்ப்பாக்கம்தான். போக வர ஒரு வாரக் கூலி போய்விடும். மூடுவதால் கொட்டகை போகும், கூட்டி வந்த காரணம் போகாது. பின்னாளில் தர்கா வளாகத்திலேயே மருந்தும் தொழுகையும் சேர்ந்து கிடைக்கும்படி செய்தது, இந்த மறுபாதியை யாரோ புரிந்துகொண்டதன் விளைவு.

இங்கேதான் தடுப்பு உரிமைப் பேச்சாக மாறுகிறது. 18-ஆம் பிரிவு மனநல சிகிச்சை பெறுவதை உரிமை என்கிறது. மாவட்டத்தில் அந்தச் சேவை இல்லையென்றால், அதே மாவட்டத்தில் வேறு மனநலச் சேவையில் பெற்ற சிகிச்சையின் செலவை அரசு ஏற்க வேண்டும் என்றும் சொல்கிறது. இந்த உட்பிரிவைக் காட்டிப் பணம் கேட்கலாம் என்பதே அநேகருக்குத் தெரியாது. பெங்களூரில் உள்ள மத்திய அரசின் மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் நடத்திய 2015-16 தேசிய மனநல ஆய்வு, வயது வந்தவர்களில் 10.6 சதவீதம் பேர் அந்தச் சமயத்தில் ஏதோ ஒரு மனநலப் பிரச்சினையோடு இருந்ததாகக் கணக்கிட்டது. நோய்க்கு நோய் மாறினாலும், 70 முதல் 92 சதவீதம் பேருக்குச் சிகிச்சை போய்ச் சேரவில்லை. மனநல மருத்துவர்கள் ஒரு லட்சம் பேருக்கு ஒருவர்கூட இல்லை. பணம் எங்கே போகிறது? 2023-24 மத்திய பட்ஜெட்டில் நேரடியாக மனநலத்துக்கென்று ஒதுக்கிய சுமார் 919 கோடி ரூபாயில் 721 கோடி நிம்ஹான்ஸ் என்ற ஒரே நிறுவனத்துக்கு. நிம்ஹான்ஸுக்குக் கொடுக்க வேண்டாம் என்பதல்ல. மிச்சம் எவ்வளவு என்பதுதான் கேள்வி.

ஆனால் தடுப்பு என்றதும் ‘கவுன்சலிங்’ என்று முடித்துவிடுவது வசதியான பழக்கம். 2022-இல் நாட்டில் பதிவான தற்கொலைகள் 1,70,924. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அந்த ஆண்டு அறிக்கைப்படி, இறந்தவர்களில் நான்கில் ஒருவருக்கு மேல் தினக்கூலிகள். காரணங்களில் முதலிடம் குடும்பப் பிரச்சினைக்கு, அடுத்தது நோய். போலீஸ் நிரப்பும் படிவத்தில் ஒரே ஒரு காரணத்தைத் தேடுவது சரியா என்ற சர்ச்சை தனி. எப்படிப் பார்த்தாலும் இந்தப் பட்டியலில் பாதியைச் சுகாதாரத் துறையின் கை எட்டாது.

வேளாண் துறையின் கை எட்டும். இலங்கை 1990-களின் நடுவிலிருந்து, உயிருக்கு மிகவும் ஆபத்தான பூச்சிமருந்துகளைப் படிப்படியாகத் தடை செய்தது. அடுத்த இருபதாண்டுகளில் அங்கே தற்கொலை விகிதம் ஏறத்தாழ 70 சதவீதம் சரிந்தது. சுமார் 93,000 உயிர்கள் காப்பாற்றப்பட்டதாக ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள். இந்தத் தடையைப் போட ஒரு மனநல மருத்துவர்கூடத் தேவைப்படவில்லை. நெருக்கடியின் உச்சம் பலருக்குச் சில நிமிடங்களோ சில மணி நேரமோதான். அந்த நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் என்ன இருக்கிறது என்பது விதியை முடிவு செய்கிறது. தமிழ்நாடு 2022-23-இல் ஆறு பூச்சிமருந்துகளுக்குத் தடை போட்டது, 60 நாளுக்கு. ஏன் 60? 1968-ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு மாநிலத்துக்குத் தரும் அதிகாரம் அவ்வளவுதான். விசாரணை முடியவில்லையென்றால் இன்னொரு 30 நாள். ஆக இங்கேயும் ஒரு கெடு இருக்கிறது. ஆனால் அது தடைக்கு வைத்த கெடு. நிரந்தரத் தடை தில்லியின் கையில்.

பள்ளிக் கல்வித் துறையின் கையும் எட்டும். பொதுத்தேர்வில் தவறியவருக்கு ஒரு வருடமே போய்விடும் என்றிருந்ததை, அடுத்த சில வாரங்களிலேயே துணைத் தேர்வு என்று மாற்றியது தமிழ்நாட்டின் சத்தமில்லாத தடுப்பு நடவடிக்கை. அந்த அரசாணையை மனநலக் கொள்கை என்று யாரும் சொல்லமாட்டார்கள். தேர்வு முடிவு வந்த மத்தியானம் பிள்ளையிடம் ‘அடுத்த மாசம் எழுதிக்கலாம்’ என்று சொல்ல ஒரு அம்மாவுக்கு வாய் இருக்கிறது என்றால், அந்த வார்த்தையைக் கொடுத்தது தேர்வுத் துறை. கடன் வசூலில் மிரட்டலைத் தடுக்கத் தமிழ்நாடு 2025-இல் இயற்றிய சட்டமும் இந்த வரிசையில் வரும். வாரத் தவணைக்காக வாசலில் வந்து உட்கார்ந்து தெருவே கேட்கப் பேசுவதைக் குற்றமாக்குவது, ஆயிரம் விழிப்புணர்வுப் பேரணிக்குச் சமம்.

தடுப்பு என்ற பெயரில் உரிமை பறிபோகும் அபாயமும் இருக்கிறது. பள்ளியில் எல்லாப் பிள்ளைகளிடமும் கேள்வித்தாள் கொடுத்து ‘ஆபத்துப் பட்டியல்’ தயாரிப்பதைப் பாருங்கள். பட்டியல் யார் மேசையில் இருக்கும்? வகுப்பாசிரியருக்குத் தெரியுமா, விடுதிக் காப்பாளருக்குத் தெரியுமா? மதிப்பெண் அதிகம் என்று சிவப்பு மையில் குறித்த பிள்ளையைப் பார்க்க மாவட்டத்தில் குழந்தை மனநல மருத்துவர் இருக்கிறாரா? இல்லையென்றால் அந்தப் பரிசோதனை பிள்ளைக்கு முத்திரை குத்தியதோடு முடிந்தது. உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில், மனநலம் அரசியல் சட்டத்தின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று சொல்லி, 100 அல்லது அதற்கு மேல் மாணவர்கள் உள்ள கல்வி நிறுவனங்களில் தகுதி பெற்ற ஆலோசகர் ஒருவராவது வேண்டும் என்று வழிகாட்டுதல் தந்தது. நல்லது. ஆனால் அந்த ஆலோசகருக்குச் சம்பளம் தருவதும் அறிக்கை வாங்குவதும் நிர்வாகமே என்றால், மாணவர் வாய் திறக்கமாட்டார். 23-ஆம் பிரிவு ரகசியத்தை உரிமையாக்கியிருக்கிறது. அதைக் கல்லூரி வரை இழுத்து வரும் விதி இன்னும் எழுதப்பட வேண்டும்.

தற்கொலைக்கு முயன்றவரைப் பற்றிய 115-ஆம் பிரிவு, உரிமையும் தடுப்பும் ஒரே இடத்தில் சந்திக்கும் அபூர்வமான பிரிவு. வேறுவிதமாக நிரூபிக்கப்படாத வரை அவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கொள்ள வேண்டும், வழக்கு நடத்தித் தண்டிக்கக் கூடாது, மறுபடி நேராமலிருக்கப் பராமரிப்பும் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1-இல் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309-ஆம் பிரிவே இல்லை. ஆனால் அரசு ஊழியரைப் பணி செய்யவிடாமல் தடுக்கவோ நிர்ப்பந்திக்கவோ தற்கொலைக்கு முயன்றால் குற்றம் என்று 226-ஆம் பிரிவு ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆட்சியர் அலுவலக வாசலுக்கு மனுவோடு வருபவர்கள் இதில் சிக்கலாம். அவசர சிகிச்சைப் பிரிவிலோ பழைய பயம் போகவில்லை. போலீஸ் கேஸ் ஆகும், காப்பீடு கிடைக்காது என்று வீட்டார் ‘தெரியாம நடந்துடுச்சு’ என்று எழுதச் சொல்வார்கள். மருத்துவரும் எழுதிவிட்டால் மனநல மருத்துவர் பார்க்காமலே ஆள் வீட்டுக்குப் போய்விடுவார். ஒரு முயற்சிக்குப் பிந்தைய வாரங்கள்தான் மிக ஆபத்தானவை.

அந்த வாரங்களில் என்ன செய்வது என்பதற்கு விலை உயர்ந்த பதில் தேவையில்லை. உலக சுகாதார நிறுவனம் சென்னை உட்பட ஐந்து நகரங்களில் 1,867 பேரிடம் சோதித்துப் பார்த்தது. மருத்துவமனையை விட்டுப் போகுமுன் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசுவது, பிறகு 18 மாதத்தில் ஒன்பது முறை போனிலோ நேரிலோ ‘எப்படி இருக்கீங்க?’ என்று விசாரிப்பது. அவ்வளவுதான். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 2.2 சதவீதம் பேர் தற்கொலையால் இறந்தார்கள், விசாரிக்கப்பட்டவர்களில் 0.2 சதவீதம். 14416 என்ற எண்ணில் அரசின் மனநலத் தொலைபேசிச் சேவையான டெலி-மானஸ் இரவும் பகலும் தமிழில் பேசுகிறது, கட்டணமில்லை. நெருக்கடியில் இருப்பவரும் அவருக்காகக் கவலைப்படுபவரும் அழைக்கலாம். ஆனால் அது நாம் கூப்பிட்டால் எடுக்கும் எண். ஒன்பது முறை அவர்களாகக் கூப்பிடுவது வேறு. 115-ஆம் பிரிவின் கீழ் ‘ஒரு மணி நேரம், ஒன்பது தொடர்பு, 18 மாதம்’ என்று ஒரு விதி எழுதினால், தடுப்புக்கு முதல்முறையாக ஒரு கடிகாரம் கிடைக்கும். அழைப்பு நடந்ததா என்று மாவட்ட மனநலத் திட்டத்தின் பதிவேட்டைப் புரட்டினாலே தெரிந்துவிடும்.

கொள்கைத் தாள்களில் குறிக்கோள்கள் இருக்கின்றன. 2022 நவம்பரில் வந்த தேசியத் தற்கொலைத் தடுப்பு உத்தி, 2030-க்குள் தற்கொலை மரணங்களை 10 சதவீதம் குறைக்க வேண்டும் என்கிறது. ஆனால் உத்தியை மீறினால் வழக்குப் போட முடியாது. சட்டத்தை மீறினால் முடியும். அரசின் கடமைகளைப் பேசும் 29 முதல் 32 வரையான பிரிவுகளில் கெடு குறித்த ஒரே இடம் 31-ஆம் பிரிவு. மனநலப் பணியாளர்களின் எண்ணிக்கையைச் சட்டம் தொடங்கிய பத்தாண்டுக்குள் சர்வதேச அளவுக்குக் கொண்டுவர முயல வேண்டும் என்கிறது. அந்தப் பத்தாண்டு 2028 மே மாதம் முடிகிறது.